ஓட்டில்லாதவர்களின் அணி

(மாத்தளை மாவட்டத் தோட்ட இளைஞர்களுக்கான எல்லே சுற்றுப்போட்டியின் இறுதி நாளில், சங்கத்தின் கல்விப் பகுதி சார்பில் ஆற்றிய உரை)



இறுதிப் போட்டி மூன்று மணிக்கு. அதுவரைக்கும் பேச எங்களுக்கு நேரம் தந்திருக்கிறார்கள். சாப்பிட்ட கையோடு பேச்சுக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். சம்பளம், ஈ.பி.எஃப்., லயத்துக் கூரை எல்லாவற்றையும் மாதக் கூட்டத்தில் பேசுகிறோம். இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம். கனடாவில் வன்கூவர் என்ற ஊரில் இருந்த ஒரு பேஸ்போல் அணியின் கதையைச் சொல்லப்போகிறோம். மாத்தளையில் நின்றுகொண்டு கனடாக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள், அது யாருடைய கதை என்று.

பேஸ்போல் என்றால் நமக்குப் பழக்கமில்லாத பெயர். எல்லே ஆடுகிறவர்களுக்கு அது அந்நியமான ஆட்டம் இல்லை. எல்லேயில் மூங்கில் பொல்லால் பந்தை அடித்துவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் ஓடிச் சுற்றி வருகிறோம் அல்லவா? அங்கேயும் அதுதான். ஒரு பக்கத்துக்கு 9 பேர். சதுரமாக 4 இடம். அடித்துவிட்டு அந்த 4 இடத்தையும் தொட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். எல்லேயில் அடிப்பவருக்குத் தோதாகப் பந்து போடுவார்கள். பேஸ்போலில் எதிர் அணிக்காரர் அடிக்கவிடாமல் வீசுவார். பெரிய வித்தியாசம் அதுதான். நம் நாட்டிலும் பேஸ்போல் ஆடுகிறார்கள். ஹோமாகமப் பக்கம் தியகமவில் ஜப்பானின் உதவியோடு அதற்கென்றே ஒரு மைதானம் கட்டியிருக்கிறார்கள்.

ஜப்பான் என்று சொன்னதும் கதைக்கு வந்துவிட்டோம். சுமார் 130 வருடங்களுக்கு முன்பு ஜப்பானில் இருந்து ஏழைக் குடியானவர்களும் மீனவர்களும் பிழைப்புத் தேடிக் கப்பலேறிக் கனடாவின் மேற்குக் கரைக்குப் போனார்கள். மரம் அறுக்கும் ஆலையில் வேலை, காட்டில் மரம் வெட்டுகிற வேலை, ரயில் பாதை போடுகிற வேலை, கடலில் சால்மன் மீன் பிடிக்கிற வேலை. ஆள் பிடித்துக் கொடுக்க அவர்களுக்குள்ளேயே ஒரு முதலாளி இருந்தார். அவர் வழியாகத்தான் வேலை, அவர் கைக்கு ஒரு பங்கு. பெரிய கங்காணி என்று சொன்னால் நம் பாட்டன்மாருக்கு உடனே விளங்கியிருக்கும். ஆலையில் வெள்ளைக்காரத் தொழிலாளியும் ஜப்பானியத் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே மரத்தை அறுப்பார்கள். சம்பளம் மட்டும் ஜப்பானியருக்குக் குறைவு.

ஓட்டும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1895 முதல் ஜப்பானியருக்கு வாக்குரிமை மறுத்துவிட்டார்கள். அங்கேயே பிறந்து, பிரஜையாக இருந்தாலும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர் அங்கே சட்டத்தரணி ஆக முடியாது, மருந்தாளர் ஆக முடியாது. டோமெக்கிச்சி ஹொம்மா என்ற மீனவர் சங்கத் தலைவர், என் பெயரை இடாப்பில் எழுது என்று 1900இல் வழக்குப் போட்டார். மாகாண நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லின. அரசாங்கம் விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது. 1902இல் அவர் தோற்றார்.

இதைக் கேட்கும்போது நம்மில் மூத்தவர்களுக்கு ஒரு ஞாபகம் வரும். 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடமே ஓட்டையும் பறித்தார்கள். அதை எதிர்த்து நம் ஆட்கள் போட்ட கொடக்கன்பிள்ளை வழக்கும் அதே லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குத்தான் போனது. 1953இல் நாமும் தோற்றோம். ஐம்பது வருட இடைவெளியில், ஒரே இடத்தில், இரண்டு உழைக்கும் சமூகங்களுக்கு ஒரே பதில்.

மறுபடி வன்கூவருக்குப் போவோம். 1907 செப்டெம்பரில் ஆசியர்களை விரட்டு என்று ஒரு பெரும் ஊர்வலம் கிளம்பி, சீனர்கள் இருந்த தெருவை அடித்து நொறுக்கியது. பிறகு ஜப்பானியர் இருந்த பவல் தெருவுக்கு வந்தது. அங்கே மக்கள் கல்லும் தடியும் எடுத்து எதிர்த்து நின்று விரட்டினார்கள். தொழிற்சங்கக்காரர்களாகிய நாங்கள் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த ஊர்வலத்துக்கு ஆதரவு கொடுத்தவர்களில் வெள்ளைத் தொழிலாளரின் சங்கங்களும் உண்டு. கூலி குறைந்ததற்கு முதலாளியைக் குற்றம் சொல்லாமல், குறைந்த கூலி வாங்குகிறவனைக் குற்றம் சொன்னார்கள். 1930களில் கொழும்பில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராக எழுந்த கூச்சலும் இதே ரகம்தான்.

அப்படிப்பட்ட ஊரில், 1914இல், பவல் தெருப் பையன்கள் ஓர் அணி தொடங்கினார்கள். பெயர் அசாஹி. காலைச் சூரியன் என்று அர்த்தம். அதே வருடம்தான் பஞ்சாபிகள் 376 பேரோடு வந்த கோமகட்டா மாரு கப்பலை வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலில் வந்தவர்களைக் கரையில் கால் வைக்கவிடாத ஊரில்தான் இந்தப் பையன்கள் மைதானத்தில் கால் வைத்தார்கள்.

யார் இந்தப் பையன்கள்? மர ஆலைத் தொழிலாளிகள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கடைப் பையன்கள். விளையாட்டுக்கென்று ஒரு சதம் சம்பளம் இல்லை. வேலை முடிந்து வந்து இருட்டும் வரைக்கும் பயிற்சி. பவல் தெரு மைதானம் நாலு பக்கமும் வீடும் கடையும் சூழ்ந்த ஒரு சின்ன இடம்.

ஆரம்பத்தில் அடி வாங்கினார்கள். எதிரில் நின்ற வெள்ளைக்கார அணிகளில் ஆட்கள் உயரமும் பருமனுமாக இருந்தார்கள். அவர்கள் ஓங்கி அடித்தால் பந்து மைதானத்துக்கு வெளியே போகும். இவர்கள் அடித்தால் பாதித் தூரம்கூடப் போகாது. 1920களில் ஹாரி மியாசாக்கி என்பவர் அணியை நடத்த வந்தார். அவர் பையன்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: பலத்தில் அவர்களோடு போட்டி போடாதே. பந்தை ஓங்கி அடிக்க வேண்டாம், மட்டையைக் குறுக்கே பிடித்து மெல்லத் தட்டிக் காலடியில் விழவிடு. அவர்கள் குனிந்து எடுப்பதற்குள் ஓடு. வீசுபவர் அசந்த நேரம் பார்த்து அடுத்த இடத்துக்கு ஓடு. ஒருவர் தட்டி ஆட்டமிழந்தாலும் பரவாயில்லை, முன்னால் நிற்பவர் வீட்டுக்கு வந்து சேரட்டும். வருகிற பந்து எதையும் தவறவிடாதே.

தட்டுவது, ஓடுவது, பிடிப்பது. மூளையால் ஆடும் ஆட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. ஓர் ஆட்டத்தில் ஒரு சரியான அடிகூட அடிக்காமல் 3க்கு 1 என்று ஜெயித்த கதையை இன்றும் சொல்கிறார்கள். 1926இல் வெள்ளைக்கார அணிகள் ஆடிய டெர்மினல் லீக்கில் அசாஹி முதலிடம் பிடித்தது. 1937 முதல் 1941 வரைக்கும் அமெரிக்கா, கனடா இரண்டு நாட்டு மேற்குக் கரை ஜப்பானிய அணிகளுக்கான வடமேற்குப் போட்டியில் ஐந்து வருடம் தொடர்ந்து வெற்றி.

நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னாலும் சண்டை பிடிக்கக் கூடாது என்பது அசாஹியின் கட்டுப்பாடு. இதை நல்லொழுக்கம் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் வேறு அபிப்பிராயம். ஓட்டு உள்ளவன் நடுவரோடு சண்டை பிடித்தால் அது ஆத்திரம். ஓட்டில்லாதவன் சண்டை பிடித்தால் அது அவன் இனத்தின் குணம் என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பயம் இருந்திருக்கும். துரைக்கு முன்னால் நம் பாட்டன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும் ஒழுக்கம் என்று சொல்லிவிட முடியுமா?

போகட்டும். ஆட்டம் பார்க்க வெள்ளைக்காரர்களும் கூட்டமாக வந்தார்கள். பவல் தெருவில் அசாஹிச் சட்டை போடுவது ஒவ்வொரு சிறுவனின் கனவு. அதே காலத்தில் அதே தெருவில் வேறொரு வேலையும் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுசுக்கி எட்சு என்ற பத்திரிகையாளர் முன்னின்று 1920இல் ஜப்பானியத் தொழிலாளருக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு நாளிதழும் நடத்தினார்கள். 1927இல் கனடாவின் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அணியைப் பற்றிப் படம் எடுத்தார்கள், முத்திரை வெளியிட்டார்கள். சங்கத்தைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. அது வழக்கம்தானே.

1941 செப்டெம்பரில் அசாஹி தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. கடைசி ஆட்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியாது. டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த சில மாதங்களில், கரையில் இருந்து 100 மைலுக்குள் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று கனடா அரசாங்கம் உத்தரவு போட்டது. 21,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் கனடாவின் பிரஜைகள். மீன் படகுகள் 1,200 அளவில் பறிமுதல். குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் முதலில் ஹேஸ்டிங்ஸ் பார்க்கில் மாட்டுக் கொட்டில்களில் வைத்தார்கள். அங்கிருந்து மலைநாட்டு முகாம்களுக்கு அனுப்பினார்கள். வீடு, கடை, படகு எல்லாவற்றையும் அரசாங்கமே விற்றது. சொந்தக்காரரைக் கேட்கவில்லை. விற்ற பணத்தில் இருந்தே அவர்களுடைய முகாம் செலவையும் எடுத்துக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம். ஐந்து வருடம் தொடர்ந்து ஜெயித்த அணி. ஊரே கைதட்டிய அணி. அந்தக் கைதட்டல் உத்தரவை ஒரு நாளாவது தள்ளிப்போட்டதா? இல்லை. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் மிகச் சிலர். ஓட்டு இல்லாதவனை விரட்டுவதால் எந்த அரசியல்வாதிக்கும் ஓர் ஓட்டும் நட்டம் இல்லை. முத்தையா முரளிதரன் 800 விக்கெட் எடுத்தபோது நாமும்தான் பட்டாசு கொளுத்தினோம். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன் என்று பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த 800 விக்கெட்டுக்காக நம் லயத்துக் கூரையில் ஒரு தகரத்தை யாராவது மாற்றிக் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

அப்படியானால் விளையாட்டால் பிரயோசனமே இல்லையா? இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது.

கேய் கமினிஷி என்பவர் 1939இல் சேர்ந்த பையன், அணியில் இளையவர்களில் ஒருவர். அவருடைய குடும்பத்தை லில்லுவெட் என்ற ஊருக்குப் பக்கத்து முகாமுக்கு அனுப்பினார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் முகாம், அந்தப் பக்கம் ஊர். முகாம்காரர்கள் ஊருக்குள் போகக் கூடாது. ஊர்க்காரர்களுக்கு இவர்களைக் கண்டால் பயம். முகாமில் அவர்கள் ஆடத் தொடங்கினார்கள். கமினிஷி அங்கிருந்த ஒரு போலீஸ்காரரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்: ஊர்ப் பையன்களோடு ஒரு மேட்ச் வைத்தால் என்ன? போலீஸ்காரரும் ஒத்துக்கொண்டார். மேட்ச் நடந்தது. அதற்குப் பிறகு முகாம்காரர்கள் ஊருக்குள் போய்வர முடிந்தது, கடையில் சாமான் வாங்க முடிந்தது. லெமன் கிரீக் போன்ற மற்ற முகாம்களிலும் அசாஹி ஆட்கள் அணிகள் சேர்த்து முகாமுக்கு முகாம் ஆடினார்கள்.

சட்டம் மாறவில்லை. பக்கத்து ஊர்க்காரனின் முகம் மாறியது. இரண்டும் வேறு வேறு. இரண்டும் வேண்டும். இன்றைக்கு இந்த மைதானத்தில் கிராமத்துச் சிங்களத் தம்பிமார் இரண்டு அணியும், டவுனில் இருந்து முஸ்லிம் தம்பிமார் ஓர் அணியும் வந்து ஆடியிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டது நம் அம்மாமார் சமைத்த சோறு. நாளைக்குத் தோட்டத்தில் ஒரு பிரச்சினை வந்தால் இதை அவர்கள் மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

யுத்தம் முடிந்தும் அவர்களைக் கரைக்குத் திரும்பவிடவில்லை. கிழக்கே போ, இல்லாவிட்டால் ஜப்பானுக்குப் போ என்றார்கள். ஜப்பானையே பார்த்திராத பிள்ளைகள் உட்பட 4,000 பேர் அளவில் கப்பலேற்றப்பட்டார்கள். 1948இல் கனடாவின் பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. நம்மிடம் இருந்து பிரஜாவுரிமை போன அதே வருடம். 1949இல் மாகாண ஓட்டும், கரைக்குத் திரும்பும் அனுமதியும் வந்தன. நம் கையில் இருந்து ஓட்டுப் போனதும் 1949இல்தான். அசாஹி மறுபடி சேரவில்லை. ஆட்கள் நாடு முழுக்கச் சிதறிப்போயிருந்தார்கள்.

பிறகு அமைப்பாகச் சேர்ந்தார்கள். கணக்கு எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். 1988 செப்டெம்பர் 22இல் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் நட்டஈடு. அதே 1988இல்தான் இங்கே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2003இல் கனடாவின் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அசாஹியைச் சேர்த்தார்கள். அதே 2003இல்தான் இங்கே மிச்சம் இருந்தவர்களுக்காக 35ஆம் இலக்கச் சட்டம். வருடங்கள் இப்படிப் பொருந்தி வந்தது தற்செயல். நமக்கு இதுவரைக்கும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது தற்செயல் இல்லை.

இனி நம் விஷயம். இரண்டே இரண்டு.

முதலாவது மைதானம். சென்ற வருடம் இந்த மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில், பெயர் இங்கே வேண்டாம், பிள்ளைகள் மூன்று தலைமுறையாக ஆடிய இடத்தில் கம்பி கட்டி மிளகு நட்டுவிட்டார்கள். கேட்டால், அது மைதானம் என்று எந்த வரைபடத்திலும் இல்லை என்றார்கள். உண்மைதான், இல்லை. ஏழு பேர்ச் காணி கேட்கிறோம், வீடு கேட்கிறோம். பிள்ளை ஓடுவதற்கு ஓர் இடம் கேட்க மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதத்துக்குள் தன் மைதானத்தை அளந்து, நீளம் அகலம் எழுதி, எத்தனை வருடமாகப் பாவிக்கிறோம் என்று மூத்தவர்கள் கையெழுத்தோடு மாவட்டக் காரியாலயத்துக்குத் தர வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போதும் பிரதேச செயலகத்துக்குப் போகும்போதும் கையில் ஒரு கடதாசி இருக்க வேண்டும். தங்கைமார் அணிகளையும் அதில் எழுதுங்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, தண்ணீர் தூக்கி, சமைத்துவிட்டு வந்துதான் அவர்கள் பயிற்சி செய்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் அவர்களுக்கு மைதானத்தில் வெளிச்சம் வேண்டும்.

இரண்டாவது, படங்கள். அசாஹியின் கதை நமக்குக் கிடைத்ததே பாட் அடாச்சி என்ற பெண்மணியால்தான். பவல் தெரு மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், சின்ன வயதில் ஆட்டம் பார்த்தவர். வீடு வீடாகப் பழைய ஆல்பங்களைத் தேடிச் சேர்த்து 1992இல் புத்தகமாகப் போட்டார். அது இல்லாவிட்டால் புகழ் மண்டபமும் இல்லை.

எங்கள் காரியாலயத்தில் ஒரு படம் இருக்கிறது. ஒரு தோட்டத்து வொலிபோல் அணி, 1960களில் எடுத்தது. ஒன்பது பேர் நிற்கிறார்கள், நடுவில் பந்து. வெறுங்கால், கையில்லாத பெனியன், எண்ணெய் வைத்து வாரிய தலை. படத்தைக் கொடுத்த ஐயாவிடம் யார் யார் என்று கேட்டோம். விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். இவன் இந்தியாவுக்கு, கூடலூர்ப் பக்கம். இவன் இந்தியாவுக்கு, கொடைக்கானல். இவன் இங்கேயே, செத்துப்போனான். இவன் இந்தியாவுக்கு, எங்கே என்று தெரியாது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேர் என்று சொல்கிறது. அந்த ஐயாவின் கணக்கில் அது ஐந்து பேர். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வொலிபோலுக்கு ஆறு பேர் சேரப் பல வருடம் ஆனதாம். கடைசியில் நின்ற ஒருவரின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. நல்லா செர்வ் போடுவான் என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டில் பெட்டிக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால், இப்படி ஏதாவது அணிப் படம் இருந்தால் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கத்தில் பெயர்களைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். போனில் எடுத்து அனுப்பினாலும் போதும்.

நடுவர் கையைக் காட்டிவிட்டார். மணி மூன்று ஆகிறது. இரண்டு அணியும் இறங்கும் முன்பு இங்கே மேடைக்கு முன்னால் வந்து நில்லுங்கள். ஒரு படம் எடுப்போம். பெயர்களை இன்றைக்கே எழுதிக்கொள்கிறோம்.